நீல மூடி டியூபை ஜெல் பேக் பெட்டியில் போடாதீர்கள்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: இராமநாதபுரம் கடற்கரையில் ரத்த மாதிரி சேகரிப்பு மையங்களை நடத்துவோரும், அம்மையங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் மருத்துவமனை நிர்வாகிகளும்

ஐயா, அம்மா,

இந்த மாதத் தொடக்கத்தில் எங்கள் போன்களுக்கு வந்த உத்தரவு நான்கே வரி. சிறப்புப் பரிசோதனை மாதிரிகள் இனி வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மதுரை ஆய்வகத்துக்குப் போகும். கடற்கரை மையங்களில் பிளாஸ்மா (ரத்த அணுக்கள் நீக்கிய நீர்ப்பகுதி) பிரிக்க வேண்டியதில்லை, டியூபை அப்படியே அனுப்பினால் போதும். எல்லா டியூபையும் ஒரே ஜெல் பேக் பெட்டியில் வைக்கலாம். மாதிரியைத் திருப்பி அனுப்பும் நுட்புநர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

தைராய்டு சோதனை இந்த ஏற்பாட்டைத் தாங்கிக்கொள்ளும். ரத்த உறைதலைப் பார்க்கும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனை தாங்காது. அதற்கு ரத்தம் எடுப்பது நீல மூடி டியூபில். உங்கள் உத்தரவுப்படி போகும் நீல மூடி டியூபில் இருந்து வரும் ‘நெகட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது. அந்தச் சொல்லை நம்பித்தான் தங்கச்சிமடத்திலும் தேவிபட்டினத்திலும் கீழக்கரையிலும் மாத்திரை மாற்றப்படுகிறது, ஊசி நிறுத்தப்படுகிறது. தொண்டியில் தொடங்கி மூக்கையூர் வரை ரத்தம் எடுக்கிற, டியூபைச் சுற்றுகிற, பெட்டி கட்டுகிற ஆய்வக நுட்புநர்களும் செவிலியர்களுமான நாங்கள் இதைப் பேசாமல் விட முடியாது.

எந்த நோய்க்கான சோதனை இது என்பதில் இருந்து தொடங்குகிறோம். நிர்வாகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மருத்துவம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை.

ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏ.பி.எஸ். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தவறான எதிரணுக்களை (ஆன்டிபாடி) உருவாக்கி, ரத்தத்தை வேண்டாத இடத்தில் உறைய வைக்கும் நோய். 1983இல் லண்டனில் மருத்துவர் கிரஹாம் ஹ்யூஸ் இதைத் தனி நோயாக விவரித்தார். முப்பது வயதுக்காரருக்குக் காரணமே தெரியாமல் காலில் ரத்தக்கட்டு வரும். ஐம்பதுக்குள் இருப்பவருக்குப் பக்கவாதம் வரும். பத்து வாரம் தாண்டி, ஸ்கேனில் குறையே இல்லாத சிசு வயிற்றிலேயே இறக்கும். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் அல்லது கடுமையான ரத்த அழுத்தத்தால் 34 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுக்க வேண்டிவரும். பத்து வாரத்துக்குள் தொடர்ந்து மூன்று முறை கலையும். இவையெல்லாம் வேறு காரணங்களாலும் வரக்கூடியவைதான். ஏ.பி.எஸ். என்று சொல்ல ரத்தத்தில் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் மூன்று சோதனைகளில் இருக்கிறது: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், ஆன்டி பீட்டா-2 கிளைகோபுரோட்டீன்-1. பின்னவை இரண்டிலும் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என எதிரணுவின் இரண்டு வகை பார்க்க வேண்டும்.

உங்கள் விலைப்பட்டியலில் ‘ஏ.பி.எல்.ஏ.’ என்று ஒரு சோதனை இருக்கிறது. பல பாஸ்போலிபிட்களை (ஒருவகைக் கொழுப்பு) ஒன்றாகக் கலந்து பார்க்கும் அந்தச் சோதனை, மேலே சொன்ன மூன்றில் ஒன்றுகூட அல்ல. விலை குறைவு, பெயரும் நோயின் பெயர் மாதிரியே இருக்கிறது. அதனால் அதை மட்டும் எழுதி, அதை மட்டும் எடுத்து, ‘எல்லாம் பார்த்தாச்சு’ என்று அனுப்பிவிடுகிறார்கள். குழந்தையை இழந்த பெண்ணின் கோப்பில் அந்த ஒற்றைத் தாளைப் பார்க்கும்போது எங்களுக்கு வயிறு எரிகிறது.

மூன்றில் பின்னவை இரண்டும் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் நீரில், செய்பவை. எதிரணுவின் அளவைப் பார்க்கின்றன. சீரத்தைப் பிரித்து 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் இரண்டொரு நாள் பயணத்தில் கெடாது, ஜெல் பேக் பெட்டியே போதும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் அப்படியல்ல. அது எதிரணுவை எண்ணும் சோதனை இல்லை, அந்த எதிரணு ரத்த உறைதலை எப்படிக் குழப்புகிறது என்று நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை. அதற்குக் கெடாத பிளாஸ்மா வேண்டும். ரத்தக்கட்டு வரும் ஆபத்தை இந்த மூன்றில் மிக உறுதியாகக் காட்டுவதும் இதுதான். அதைத்தான் உங்கள் உத்தரவு கெடுக்கிறது.

பெயரையும் தெளிவுபடுத்திவிடுகிறோம், வார்டுகளில் இதனால் நிறையக் குழப்பம். லூபஸ் என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் வேறொரு நோய், அந்த நோயாளிகளிடம் முதலில் கண்டதால் வந்த பெயர். பாசிட்டிவ் என்றால் லூபஸ் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆன்டிகோயாகுலன்ட் என்பதும் டியூபுக்குள் மட்டுமே உண்மை. கண்ணாடிக் குழாயில் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் அதே எதிரணு, உடம்புக்குள் ரத்தக்கட்டு உண்டாக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) நீண்டு வந்தால், ரத்தம் கொட்டிவிடுமோ என்று பயந்து பிளாஸ்மா ஏற்றச் சொல்கிறார்கள். இந்த நோயாளிக்குப் பயப்பட வேண்டியது நேர் எதிர்ப் பக்கத்தில்.

சோதனை நடக்கும் விதத்தைச் சொல்கிறோம். முக்கியமான முறையில் உறைதலைத் தொடங்கி வைப்பது கண்ணாடிவிரியனின் விஷம். பாம்புக்கடி வந்தால் ரத்தத்தைக் குழாயில் ஊற்றி இருபது நிமிடம் பார்க்கிறோமே, அங்கே எதிரியாக நிற்கும் அதே விஷம். இங்கே நன்கு நீர்த்த நிலையில் கருவியாகிறது. அது உறைதல் சங்கிலியில் பத்தாம் காரணியை (உறைதலுக்கான புரதங்களில் ஒன்று) நேரே தூண்டிவிடும். அங்கிருந்து உறைதல் முன்னேற பாஸ்போலிபிட் வேண்டும். முதல் படியில் அதை வேண்டுமென்றே குறைவாக வைப்பார்கள். எதிரணு இருந்தால் அந்தக் குறைந்த பாஸ்போலிபிட்டையும் அது பிடித்துக்கொள்ளும், உறைய நேரம் பிடிக்கும். இரண்டாம் படியில் நோயாளியின் பிளாஸ்மாவையும் ஆரோக்கியமானவர்களின் பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து பார்ப்பார்கள். வெறும் காரணிக் குறைபாடு என்றால் இப்போது நேரம் சரியாகிவிடும், எதிரணு என்றால் சரியாகாது. மூன்றாம் படியில் பாஸ்போலிபிட்டை அள்ளிக் கொட்டுவார்கள். எதிரணு அதில் மூழ்கிப்போய் நேரம் குறைந்துவிட்டால், குழப்பியது அதுதான் என்று உறுதி.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறோம். ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட்டின் (தட்டணுவின்) சவ்வு பாஸ்போலிபிட்டால் ஆனது. பிளாஸ்மாவைச் சரியாகப் பிரிக்காமல் குளிரில் நெடுநேரம் வைத்தாலோ, உறைய வைத்து உருக்கினாலோ, மிச்சம் இருக்கும் பிளேட்லெட்கள் தூண்டப்பட்டும் வெடித்தும் அந்தப் பாஸ்போலிபிட் வெளியே கொட்டும். மூன்றாம் படியில் ஆய்வகம் வேண்டுமென்றே செய்வதை, முதல் படிக்கு முன்பே பெட்டி செய்து முடித்துவிடுகிறது. எதிரணு அடங்கிவிடும், நேரம் நீளாது, கருவி ‘நெகட்டிவ்’ என்று அச்சடிக்கும். கருவியில் கோளாறு இல்லை, மதுரையில் இருப்பவரும் தவறு செய்யவில்லை. தவறு நடந்தது டியூப் இங்கே கிளம்பும்போது.

ஒரு டியூபின் பயணத்தைப் பாருங்கள். காலை 7 மணிக்குத் தங்கச்சிமடத்தில் ரத்தம் எடுக்கிறோம். பைக்கில் வருபவர் ராமேஸ்வரத்தில் இருந்து ஒவ்வொரு மையமாகப் பொறுக்கிக்கொண்டு வந்து சேர 11 ஆகிறது. பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி என்று நின்று நின்று இராமநாதபுரம் போக 1 மணி. அங்கே கீழக்கரைப் பெட்டியும் தொண்டிப் பெட்டியும் வரும்வரை காத்திருப்பு. மதுரை போய்ச் சேர மாலை 6 ஆகிவிடும், கருவியில் ஏறுவது மறுநாள். ரத்தம் எடுத்த 4 மணி நேரத்துக்குள் பிளாஸ்மா பிரிந்து, சோதிக்கப்பட்டோ உறைய வைக்கப்பட்டோ இருக்க வேண்டும் என்பது இந்தச் சோதனையின் அடிப்படை. எங்கள் டியூப் அந்த 4 மணி நேரத்தை இராமநாதபுரம் வருவதற்குள்ளேயே தாண்டிவிடுகிறது. பிரிக்காத ரத்தத்தை ஜெல் பேக்கில் வைப்பது இன்னும் மோசம், குளிரில் பிளேட்லெட் தூண்டப்படும். பிரிக்கும் வரை நீல மூடி டியூப் அறை வெப்பத்தில், மூடியோடு, நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. ஐஸ் போட்ட மீன் வேறு, உறைய வைத்த மீன் வேறு என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். பிளாக் போட்ட இறால் வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் எந்தக் கம்பெனியும் எடுக்காது. இறாலுக்கு இருக்கும் அந்த மரியாதையை நோயாளியின் பிளாஸ்மாவுக்கும் கேட்கிறோம்.

சரியாகச் செய்ய என்ன தேவை என்று பார்த்தால், பெரிய கருவி எதுவும் இல்லை. 21 கேஜ் ஊசி. கையைக் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. டியூபில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு, 2.7 மில்லி ரத்தம் என்றால் 0.3 மில்லி சிட்ரேட். கோடு வரை ரத்தம் ஏற வேண்டும். குறைந்தால் சிட்ரேட் மிஞ்சிவிடும், உறையும் நேரம் நீளும், இல்லாத நோய் இருப்பதுபோல் காட்டும். பட்டர்ஃபிளை ஊசியில் எடுத்தால் குழாயில் உள்ள காற்று முதல் டியூபுக்குள் போய், கோட்டைத் தொடாமல் நின்றுவிடும். ஆகவே ஒரு டியூபை முதலில் வீணாக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அந்த வீண் டியூபுக்கு நீங்கள் கணக்குக் கேட்கிறீர்கள், அதனால்தான் பலர் வீணாக்குவதில்லை. எடுத்ததும் நாலைந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், இருமல் மருந்து பாட்டில் மாதிரிக் குலுக்கக் கூடாது. சிரிஞ்சில் இழுத்து, மூடியைத் திறந்து பீய்ச்சுவதையும் நிறுத்த வேண்டும். வேகத்தில் சிவப்பணு உடையும், அளவும் தவறும். ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போகும் லைனில் இருந்து எடுக்கவே கூடாது.

பிறகு சென்ட்ரிபியூஜில் (வேகமாகச் சுழற்றி அணுக்களை அடியில் படிய வைக்கும் கருவி) இரண்டு முறை சுற்ற வேண்டும். ஒருமுறை போதாது. முதல் சுற்று 2000 ஜி (புவியீர்ப்பைப் போல 2000 மடங்கு) விசையில் 15 நிமிடம், அறை வெப்பத்தில். மேலே நிற்கும் பிளாஸ்மாவை பிளாஸ்டிக் பிப்பெட்டால் எடுக்க வேண்டும். வெள்ளை அடுக்குக்கு மேல் அரை சென்டிமீட்டர் விட்டுவிட வேண்டும், ஆசைப்பட்டு அடிவரை உறிஞ்சினால் பிளேட்லெட்டும் சேர்ந்து வரும். எடுத்ததை வேறொரு பிளாஸ்டிக் குழாயில் ஊற்றி மறுபடி அதே விசையில் 15 நிமிடம். அடியில் கால் மில்லி விட்டு மீதியை அரை அரை மில்லியாகத் திருகு மூடிக் குப்பிகளில் பிரிக்க வேண்டும். இரண்டு நீல டியூபில் இருந்து நான்கு குப்பி தேறும்.

விசை விஷயத்தில் ஒரு மாய்மாலம் நடக்கிறது. ‘3500இல் சுற்றினோம்’ என்று படிவத்தில் எழுதுகிறோம். 3500 என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே தவிர, விசை அல்ல. விசை ரோட்டாரின் (டியூபைத் தாங்கிச் சுழலும் பகுதி) ஆரத்தையும் பொறுத்தது. சுற்று எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஆரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 0.00001118 ஆல் பெருக்கினால் ஜி வரும். 15 சென்டிமீட்டர் ரோட்டாரில் 3500 சுற்று என்றால் ஏறக்குறைய 2050 ஜி, சரி. மேசைமேல் நிற்கும் 10 சென்டிமீட்டர் சின்ன ரோட்டாரில் அதே 3500 வெறும் 1370 ஜி. அதில் 2000 ஜி வேண்டுமென்றால் 4230 சுற்று தேவை. உங்கள் மையங்களுக்கு வாங்கித் தந்திருக்கும் சில சென்ட்ரிபியூஜ்கள் 4000ஐத் தாண்டுவதே இல்லை. எந்த மையத்தில் எந்த ரோட்டார் என்று ஒரு ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிடும். இதுவரை யாரும் அளக்கவில்லை.

பிரித்தது சரியா என்று பார்க்கவும் புதுக் கருவி வேண்டாம். ரத்த அணு எண்ணும் கருவி எல்லா இடத்திலும் இருக்கிறது. இரண்டு முறை சுற்றிய பிளாஸ்மாவை அதில் கொடுத்தால் பிளேட்லெட் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 10,000க்குக் கீழே வர வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இதைச் செய்யக் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை ஒவ்வொரு சென்ட்ரிபியூஜையும் இப்படிப் பார்த்து நோட்டில் எழுதிவைத்தால் போதும்.

உறைய வைப்பதற்கு −70 டிகிரி உத்தமம், மாதக்கணக்கில் தாங்கும். −20 என்றால் இரண்டு வாரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டு ஆகாது. பனி சேராமல் இருக்க அது தானாகவே அவ்வப்போது சூடேறி இறங்கும், குப்பி அரைகுறையாக உருகி உறையும். இராமநாதபுரத்தில் இருந்து மதுரைக்கு டிரை ஐஸில்தான் (உறைந்த கரியமில வாயு) போக வேண்டும், சின்ன தெர்மோகோல் பெட்டிக்கு 3 கிலோவாவது. பெட்டியைக் காற்றுப் புகாமல் டேப் சுற்றி அடைக்கக் கூடாது, வாயு வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். குப்பியின் மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும், அந்த வாயு பிளாஸ்மாவுக்குள் இறங்கினால் அமிலத்தன்மை மாறி உறையும் நேரமும் மாறும். சேர்ந்த இடத்தில் 37 டிகிரி நீர்த்தொட்டியில் ஐந்து நிமிடம் உருக்கி, மெதுவாகக் கலந்து, உடனே சோதிக்க வேண்டும். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

அடுத்தது மருந்து. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் பெயர், வயது, பணம் செலுத்திய விவரம் எல்லாம் இருக்கின்றன. நோயாளி எந்த உறைதடுப்பு மருந்தில் இருக்கிறார், கடைசியாக எப்போது எடுத்தார் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. ரிவராக்ஸபான் சாப்பிடுபவரின் ரத்தம் விரியன் விஷச் சோதனையில் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். கரித்தூள் போன்ற உறிஞ்சியால் அந்த மருந்தை பிளாஸ்மாவில் இருந்து நீக்கிவிட்டுச் சோதிக்க வழி இருக்கிறது, ஆனால் மருந்து இருப்பதே தெரியாவிட்டால் யார் நீக்குவார்கள்? வார்ஃபரின், அசினோகூமரால் எடுப்பவருக்கு முடிவைப் படிப்பதே கடினம், அன்றைய ஐ.என்.ஆர். (மருந்து ரத்த உறைதலை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று காட்டும் எண்) எவ்வளவு என்று தாளில் இருந்தாக வேண்டும். ஹெபாரின் ஊசி போட்டவருக்குக் கடைசி ஊசி போட்டு 12 மணி நேரமாவது ஆன பிறகு, அடுத்த ஊசிக்கு முன் எடுக்க வேண்டும். பக்கவாதத்தோடோ கால் வீக்கத்தோடோ வார்டுக்கு வருபவருக்கு முதல் ஹெபாரினுக்கு முன் இரண்டு நீல டியூப் எடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். அதற்கு இரண்டு நிமிடம் போதும். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில மையங்களில் போனை எடுப்பவர், ‘ரத்தம் இளக்கிற மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திட்டு டெஸ்டுக்கு வாங்க’ என்று சொல்கிறார். ஏ.பி.எஸ். நோயாளிக்கு இதைவிட ஆபத்தான வாக்கியம் இல்லை. ஒரே சமயத்தில் பல உறுப்புகளின் சிறு நாளங்கள் அடைபடும் அரிய, உயிர்போகும் நிலையைக்கூட மருந்தைத் திடீரென நிறுத்துவது தூண்டிவிடும். நிறுத்தலாமா, மாற்றலாமா என்பது மருத்துவர் முடிவு. டோக்கன் கொடுப்பவர் வாயில் அது வரவே கூடாது.

பொய்யான நெகட்டிவ் வந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வார்ஃபரினுக்கு மாதா மாதம் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் நிறுத்த வேண்டும். முருங்கைக்கீரை ஒரு வாரம் கூடினாலே எண் இறங்கும். பாம்பனில் இருந்து இராமநாதபுரம் வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே சோதனை தேவைப்படாத ரிவராக்ஸபானுக்கு மாற்றிவிட மருத்துவருக்கும் நோயாளிக்கும் மனசு இழுக்கும், அதில் தப்பும் இல்லை. ஆனால் மூன்று சோதனையும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு ரிவராக்ஸபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்ட இத்தாலிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ரிவராக்ஸபான் பக்கம் ரத்தக்கட்டு கூடியதால் அந்த ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். மூன்றும் பாசிட்டிவ் ஆனவரா என்று எப்படித் தெரியும்? லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனை சரியாக நடந்தால்தான். உங்கள் ஜெல் பேக்கில் மூன்று இரண்டாகிவிடும், வார்ஃபரின் ரிவராக்ஸபானாகிவிடும்.

பொய்யான பாசிட்டிவ் பக்கமும் நாங்கள் சொல்லாமல் விட முடியாது, அங்கே குற்றம் ரிப்போர்ட் அச்சடிப்பவரிடம். ஆன்டிகார்டியோலிபின் ஐ.ஜி.எம். 14 யூனிட் என்று வரும், பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘பாசிட்டிவ்’. சர்வதேச அளவுகோல்கள் கணக்கில் எடுப்பது 40 யூனிட்டுக்கு மேல் இருப்பதை. 2023இல் வந்த புதிய வகைப்பாட்டில் ஐ.ஜி.எம். மட்டும் தனியாகக் கூடியிருப்பதற்கு மிகக் குறைந்த எடைதான். அந்த 14ஐ வைத்துக்கொண்டு பிரசவம் வரை தினம் வயிற்றில் ஊசி போடும் பெண்கள் எங்களிடம் வருகிறார்கள். காய்ச்சல், நோய்த்தொற்று எதற்குப் பிறகும் இந்த எதிரணுக்கள் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டு மறையும். மலேரியா இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. ஆகவேதான் 12 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று விதி. 12 வாரம் என்றால் 84 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கும் தடைக்காலம் 61 நாள், அதைவிட 23 நாள் கூட. நோயாளிகளிடம் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம், மறப்பதில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் ‘12 வாரம் கழித்து மறுபரிசோதனை’ என்ற வரியே இல்லை.

சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்காகக் கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையிலேயே எடுக்கும் வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். சோதனையும் இதில் சேரும். அவற்றிலும் இருப்பது கார்டியோலிபின்தான். ஏ.பி.எஸ். உள்ள பெண்ணுக்குச் சிபிலிஸ் இல்லாமலே அது பாசிட்டிவ் ஆகலாம், பெரும்பாலும் 1:2, 1:4 போன்ற குறைந்த அளவில். சிபிலிஸை உறுதிசெய்யும் டி.பி.எச்.ஏ. சோதனை செய்து அது நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் சிபிலிஸ் இல்லை. அங்கே நின்று, ‘ஏன் பொய்யாக வந்தது?’ என்று கேட்டால் ஏ.பி.எஸ். கிடைக்கலாம். ஆனால் நடப்பது வேறு. முதல் தாளையே கவுன்டரில் நாலு பேர் முன்னால் நீட்டிவிடுகிறார்கள். குப்பத்தில் மாலைக்குள் பரவிவிடும். புருஷன் கடலில் இருப்பான், அல்லது சபரில், வெளிநாட்டு வேலையில், இருப்பான். அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு நடப்பதை டி.பி.எச்.ஏ. முடிவு வந்து சரிசெய்துவிடாது.

ஆகவே உங்களிடம் கேட்பது:

இந்த மாதம் வந்த உத்தரவில் இருந்து நீல மூடி டியூபை உடனே விலக்குங்கள். மற்ற மாதிரிகளுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். 4 மணி நேரத்துக்குள் பிரித்து உறைய வைக்க வசதியில்லாத மையம் லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கு ரத்தமே எடுக்க வேண்டாம். நோயாளியை இராமநாதபுரத்துக்கு அனுப்பட்டும், பேருந்தில் டியூப் போவதைவிட ஆள் போவது நல்லது. கெட்ட மாதிரியைத் திருப்பி அனுப்பும் நுட்புநரிடம் விளக்கம் கேட்கும் வரியையும் நீக்குங்கள். கெட்டதை ஏற்றுக்கொண்டவரிடம் கேளுங்கள்.

இராமநாதபுரத்தில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 2000 ஜி தரும் சென்ட்ரிபியூஜ் ஒன்று, டீப் ஃப்ரீசர் ஒன்று, அவ்வளவுதான். ஃப்ரீசரைப் புதிதாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பிளாஸ்மா சேமிக்கும் ரத்த வங்கி எதுவானாலும் −30க்குக் கீழே ஓடும் பெட்டி வைத்திருக்கும், அதில் ஒரு தட்டு கேட்டு ஒப்பந்தம் போடுங்கள். ஜெனரேட்டர் இணைப்பும், உள் வெப்பம் ஏறினால் கூவும் அலாரமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு காலை இதற்கென ஒதுக்குங்கள். அதில் ஒன்றாவது விசைப்படகு கடலுக்குப் போகாத நாளாக இருந்தால் கூட வர ஆள் இருக்கும்.

எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். ஒவ்வொரு சென்ட்ரிபியூஜின் ஆரத்தையும் அளந்து, தேவையான சுற்று எண்ணை அதன் மூடியிலேயே ஸ்டிக்கராக ஒட்டுங்கள். வீண் டியூபுக்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

படிவத்தில் ஐந்து கட்டம் சேருங்கள்: என்ன மருந்து, கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, அன்றைய ஐ.என்.ஆர்., கர்ப்பம் எத்தனை வாரம், கடந்த மாதத்தில் காய்ச்சல் உண்டா. இந்த ஐந்தும் நிரம்பாத டியூபை வாங்க வேண்டாம்.

மதுரை ஆய்வகத்திடம் பேசி, ரிப்போர்ட்டில் வெறும் ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று படிகளின் விகிதமும், அந்த ஆய்வகம் தானே நிர்ணயித்த எல்லையும், படித்துச் சொல்லும் இரண்டு வரியும் வேண்டும். பாசிட்டிவ் எதுவானாலும் மறுபரிசோதனைத் தேதி அச்சாகியிருக்க வேண்டும், ‘12 வாரம் கழித்து’ என்றல்ல, நாள், மாதம், ஆண்டோடு.

‘ஏ.பி.எல்.ஏ.’ என்ற ஒற்றைச் சோதனையை ஏ.பி.எஸ். சோதனை என்று விற்காதீர்கள். மூன்றும் சேர்ந்த தொகுப்பை அதே இடத்தில் வையுங்கள். விலை கூடும், தெரியும். அதைக் குறைக்க நீங்கள் பேரம் பேச வேண்டியது ஆய்வகத்திடம்.

வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். பாசிட்டிவ் தாளை டி.பி.எச்.ஏ. முடிவோடு சேர்த்து மட்டும், தனி அறையில், மருத்துவர் கையில் மட்டும் கொடுக்க உத்தரவிடுங்கள்.

கடைசியாக, உத்தரவு வந்த நாளில் இருந்து உங்கள் பெட்டியில் போன நீல மூடி டியூப்களின் பட்டியல் உங்கள் கணினியில் இருக்கிறது. அதில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் நெகட்டிவ் என்று தாள் வாங்கிப்போன ஒவ்வொருவரையும் போனில் அழையுங்கள். அந்த முடிவை நம்ப வேண்டாம், மாத்திரையை மாற்ற வேண்டாம், மருத்துவரைப் பார்த்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள், பணம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழைக்க ஆள் போதாவிட்டால் பட்டியலை எங்களிடம் கொடுங்கள், வேலை முடிந்ததும் நாங்கள் அழைக்கிறோம். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். அதுவரை எங்கள் மையங்களில் நீல மூடி டியூப் ஜெல் பேக் பெட்டியில் ஏறாது. விளக்கம் கேட்டால் இந்த மடலையே தருவோம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையின் ஆய்வக நுட்புநர்கள், செவிலியர்கள்